மைப்பக்கம்

பொதிகை மலைக்கு மழை பெய்கிற பக்கம் ஒன்று உண்டு, பெய்யாத பக்கம் ஒன்று உண்டு. பெய்யாத பக்கத்தில், வெள்ளைப் படிகக்கல் கிடைக்கிற ஒரு செம்மண் மேட்டில், அந்த நாளில் ஒரு வில்லைக்கூடம் இருந்தது. கல்லை அரைத்து அரைத்துக் கண்ணுக்குப் போடுகிற வில்லையாக்குகிற இடம். பார்வை மங்கியவர்கள் பத்து ஊர் தாண்டி அங்கே வருவார்கள்.

கூடத்துக்கு ஆசான் ஒரு பெண். உலகம்மை என்று பெயர். நாற்பது வயதுகூட நிரம்பவில்லை. எல்லாரும் ஆசானம்மா என்பார்கள். அவளிடம் ஏழு பேர் படித்தார்கள். ஏழு பேரிலும் மூத்தவர் வீரபாகு. அவருக்கு ஐம்பத்தைந்து.

வீரபாகு முப்பது வருஷம் சுங்கச்சாவடியில் காவல் இருந்தவர். வழிப்போக்கர்களின் மூட்டையைப் பிரித்துப் பார்ப்பது வேலை. அரிசி மூட்டைக்குள் மிளகு இருக்கும். வைக்கோலுக்குள் ஏலம் இருக்கும். ஒருமுறை ஒப்பாரியோடு தூக்கிவந்த பாடைக்குள் பிணத்துக்குப் பதில் பட்டு இருந்தது. அன்றிலிருந்து அவர் அழுகிறவர்களையும் நம்புவதில்லை.

பிரிப்பது அவர் வேலை. திருப்பிக் கட்டுவது மூட்டைக்காரன் வேலை. அந்த முப்பது வருஷத்தில் அவர் ஒரு மூட்டையைக்கூடக் கட்டிக் கொடுத்தது கிடையாது.

கண் மங்கியதும் சாவடியில் போய்வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு வில்லை போட்டுக்கொள்ளலாம் என்று மேட்டுக்கு வந்தார். போட்டதும் எதிரே இருந்த ஆசானம்மாவின் முகம் பளிச்சென்று தெரிந்தது. மூக்குத்தியின் ஓரத்தில் இருந்த கீறல்வரை தெரிந்தது. மற்றவர்களென்றால் கும்பிட்டிருப்பார்கள். வீரபாகுவுக்குச் சந்தேகம் வந்தது. இருக்கிறதை இவ்வளவு காட்டுகிற கல், இல்லாததைக் காட்டாது என்று என்ன நிச்சயம்?

"இதை எப்படிச் செய்யுதீங்கன்னு நான் பாக்கணும்" என்றார்.

"இருந்து பாருங்க அண்ணாச்சி" என்றாள் ஆசானம்மா.

பார்க்க வந்தவர் படிக்கத் தங்கிவிட்டார்.

முதல் நாள், கூடத்தின் வெளிச்சுவர் மாடத்திலிருந்து அவள் ஒரு வெண்கலக் கிண்ணத்தை எடுத்துவந்தாள். அகன்ற வாய், ஆழம் கம்மி. உட்புறம் ஆடிபோல மின்னியது. தாய்க்கிண்ணம் என்பார்கள். அங்கே அரைக்கிற வில்லை ஒவ்வொன்றும் கடைசியில் அதற்குள் உட்கார்ந்துதான் தன் வளைவைச் சரிபார்த்துக்கொள்ளும். அது இல்லையென்றால் கூடமே இல்லை.

"கிட்ட வச்சுப் பாருங்க."

பார்த்தார். முகம் பூசணிக்காய் அளவுக்குத் தெரிந்தது. மீசை மயிரை எண்ணலாம்.

"மெல்லக் கையை நீட்டுங்க."

நீட்டினார். முகம் வீங்கிக்கொண்டே போய், கரைந்து, கிண்ணம் முழுக்க வெறும் தவிட்டு நிறமாக நின்றது. இன்னும் நீட்டினார். இப்போது முகம் மறுபடி வந்தது. சின்னதாக, தலைகீழாக.

"இதுல எது என் முகம்?" என்றார் வீரபாகு. கேட்ட வாய் மூடுவதற்குள் கிண்ணத்தைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தார்.

"பின்னால என்ன இருக்கு?" என்றாள் ஆசானம்மா.

"ஒண்ணுமில்ல."

"பின்ன ஏன் பாத்தீங்க?"

"இருந்தாலும் இருக்கும்லா?"

ஆசானம்மா கிண்ணத்தை வாங்கி மாடத்தில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

"எதுன்னு சொல்லலியே" என்றார் அவர், பின்னாலேயே போய்.

"நீங்க பதிலுக்குக் காத்திருக்கலியே அண்ணாச்சி."

அவள் எதையோ மறைக்கிறாள் என்று வீரபாகுவுக்கு அன்றைக்கே தோன்றிவிட்டது.

கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. வில்லை அரைத்து முடிந்ததும் அதை இருட்டறை ஜன்னல் பலகையின் துளையில் பொருத்துவார்கள். கதவைச் சாத்தினால், எதிரே நிறுத்தின பலகையில் வெளியே இருக்கிற மரமும் மேடும் கோபுரமும் வந்து விழும், தலைகீழாக. அந்தப் பலகையில் எண்ணெய்த் தாளை ஒட்டி, விழுந்த படத்தின்மேலேயே மைக்கோலை ஓட்டி வரைந்துகொள்வார்கள். கோடு மயங்காமல் வந்தால் வில்லை தேறியது. மூன்று வருஷம் அரைத்தபிறகுதான் ஒருவரை இருட்டறைக்குள் கூப்பிடுவாள் ஆசானம்மா.

வரைந்த தாள்கள் கூடத்துச் சுவரில் வரிசையாகத் தொங்கின. இருநூறாவது இருக்கும். எல்லாம் மைப்பக்கம் சுவரைப் பார்த்து, முதுகு நம்மைப் பார்த்து. எண்ணெய்த் தாள் அல்லவா, கோடு ஊடே தெரியும். ஆனாலும் முதுகு முதுகுதான்.

வீரபாகு வந்த வாரமே அது அவர் கண்ணில் பட்டது. காட்ட நினைக்கிறவன் முகத்தைக் காட்டுவான். முதுகைக் காட்டுகிறவனிடம் ஏதோ இருக்கிறது. சாவடியில் அவர் கண்ட பாடம் அது.

ஒருநாள் எல்லாரும் ஆற்றுக்குக் குளிக்கப் போனார்கள். தலைவலி என்று அவர் தங்கிவிட்டார். ஒரு தாளை எடுத்து மைப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். மேட்டிலிருந்து தெரிகிற கோபுரம். பக்கத்தில் தெப்பக்குளம். ஆனால் குளம் கோபுரத்துக்கு வலப்பக்கம் இருந்தது. எட்டிப் பார்த்தார். நிஜக் குளம் இடப்பக்கம்தான் கிடந்தது.

இன்னொரு தாளை எடுத்தார். அதிலும் குளம் இடம் மாறியிருந்தது.

'ஓகோ' என்று சொல்லிக்கொண்டார். 'களவாடிப் பார்க்கிறவனை ஏமாத்தறதுக்குக் கள்ளப்படம் வரைஞ்சு தொங்கவிட்டிருக்கா. நல்ல படம் வேற எங்கயோ இருக்கு.'

தாளை இருந்தபடியே தொங்கவிட்டுவிட்டு, தலையைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார்.

கூடத்தில் சொரிமுத்து என்று ஒருவன் இருந்தான். முப்பது வயது. நொட்டாங்கைக்காரன். சாப்பிடுவது மட்டும் வலக்கையில், கல்லைத் தொட்டால் இடக்கைதான் முன்னே வரும். மற்றவர்கள் பத்து நாளில் அரைப்பதை அவன் ஆறு நாளில் அரைப்பான். வாயும் அதே வேகம்.

"சாவடியாரு சோத்தையும் கிளறிப் பாத்துட்டுத்தான் திம்பாரு" என்பான் பந்தியில். "அடியில யாராவது ஒளிஞ்சிருந்தா?"

எல்லாரும் சிரிப்பார்கள். வீரபாகு சிரிக்கமாட்டார். அதற்காகக் கிளறுவதை நிறுத்தவும் மாட்டார்.

அந்தச் சொரிமுத்து இப்போதெல்லாம் ஆசானம்மாவோடு இருட்டறைக்குள் போனான். கதவு சாத்திக்கொள்ளும். அரைநாள் கழித்துத் திறக்கும். உள்ளே என்ன சொல்லிக்கொடுக்கிறாள்? தனக்கு மட்டும் ஏன் இல்லை? வீரபாகுவுக்கு மூன்று வருஷம் நிறைய இன்னும் ஒன்றரை மாதம்தான். அந்தக் கணக்கு அவருக்குத் தெரியும். கணக்கு தெரிந்தால் மனசு கேட்குமா?

யாருக்கும் தெரியாமல் ஒரு வில்லை அரைத்தார். கல்லை அரைக்கிற குருந்தக்கல் பொடியைச் சிட்டிகை சிட்டிகையாக இலையில் மடித்து எடுத்துவந்தார். ஓரமாகக் கிடந்த தட்டைக் கிண்ணம் ஒன்றில் நாலு வாரம் தேய்த்தார். தன் அறை ஜன்னலைப் பலகையால் அடைத்து, துளை போட்டு, அதில் வில்லையைப் பொருத்தினார். அந்த ஜன்னல் முற்றத்தைத் தாண்டி, கூடத்தின் வெளிச்சுவரை, தாய்க்கிண்ணம் இருக்கிற மாடத்தை நேராகப் பார்த்தபடி இருந்தது.

கதவைச் சாத்தினார். சுவரில் வெள்ளைத் தாள்.

முற்றம் வந்து விழுந்தது. தரை மேலே, வானம் கீழே. ஒரு காகம் மல்லாக்கப் பறந்தது. சொரிமுத்து உத்தரத்தில் பல்லி போவதுபோலத் தலைகீழாக நடந்துபோனான், ஒரு சாண் உயரத்தில், வாயை அசைத்துக்கொண்டு, சத்தம் இல்லாமல். அவன் பேச்சு கேட்காதது வீரபாகுவுக்கு நிம்மதியாக இருந்தது.

'தலைகீழா விழுது. அவ்வளவுதானே? தாளை எடுத்துத் தலைமாடு கால்மாடு மாத்திப் பிடிச்சா நேராயிருது. இதுக்கு மூணு வருஷமா?'

அன்றிலிருந்து மதியச் சாப்பாடு முடிந்ததும் அவர் அறைக்குள் போய்விடுவார். தூங்குகிறார் என்று மற்றவர்கள் நினைத்தார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை. காலையிலேயே ஆசானம்மா பக்கத்து ஊரில் பாத்திரம் செய்கிற கன்னாரிடம் போகிறேன் என்று கிளம்பிவிட்டாள். உச்சி வெயில். முற்றம் முழுக்க உடைத்த படிகச் சில்லு கண்ணைப் பறிக்கும். அதனால் அந்த வெயிலில் வெளியே இறங்குகிறவர்கள் யாராக இருந்தாலும் தலையிலிருந்து முழங்கால்வரை ஒரு வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொள்வார்கள். ஒரே மாதிரித் துப்பட்டி ஏழெட்டு.

வீரபாகுவின் சுவரில் ஒரு துப்பட்டி வந்தது.

மாடத்தின் முன்னால் நின்றது. முதுகு இந்தப் பக்கம். ஒரு கை வெளியே வந்து தாய்க்கிண்ணத்தை எடுத்தது. எடுத்து வெயிலில் தூக்கிப் பிடித்தது. துப்பட்டி முனையால் உள்ளே துடைத்தது. மறுபடி தூக்கிப் பார்த்தது.

வீரபாகுவுக்கு முப்பது வருஷ அனுபவம். மைக்கோலை எடுத்துக் கோட்டை ஓட்டினார். மாடம். துப்பட்டி. நீட்டின கை. கையில் கிண்ணம். ஓரத்தில் வேப்பமரத்தின் அடிமரம். அவர் வரைந்து முடிக்கும்வரை அது நின்றது. பிறகு கிண்ணத்தோடு போய்விட்டது.

தாளைப் பிய்த்து, தலைமாடு கால்மாடு மாற்றிப் பிடித்தார்.

கிண்ணத்தைப் பிடித்திருந்தது இடக்கை.

கூடத்தில் நொட்டாங்கை ஒன்றே ஒன்றுதான்.

அரைமணி நேரத்தில் மற்ற ஆறு பேரும் முற்றத்தில் கூடிவிட்டார்கள். மாடம் காலி. வீரபாகு தாளைத் தூக்கிக் காட்டினார். தாள் கை மாறிப் போய்வந்தது. ஒவ்வொருவராகச் சொரிமுத்துவின் கையைப் பார்த்தார்கள்.

"நான் கிணத்தடியில தண்ணி இறைச்சுக்கிட்டிருந்தேன் அண்ணாச்சி" என்றான் அவன்.

"யாரு பாத்தா?"

"தண்ணிதான் பாத்துச்சு."

"நக்கலு? மூட்டையைக் கொண்டா."

கொண்டுவந்தான். வீரபாகு பிரித்தார். பிரிப்பதில் அவருக்கு நிகர் கிடையாது. ஒரு இழுப்பில் முடிச்சு கழன்றது. இரண்டு வேட்டி. ஒரு சீப்பு. பொரிவிளங்காய் உருண்டை ஒரு பொட்டலம். சின்னத் துணி முடிப்பில் ஒரு ஜோடி மெட்டி, புதுசு. எல்லாம் செம்மண்ணில் உருண்டன.

கிண்ணம் இல்லை.

"இல்லியே" என்றான் மூக்காண்டி, இன்னொரு சீடன்.

"அதுதான்" என்றார் வீரபாகு. "சாவடியில ஒண்ணுமே இல்லாத மூட்டையைத்தான் ரெண்டாம் தடவை பாப்போம். எங்கயோ புதைச்சிருக்கான்."

சொரிமுத்து மெட்டியைப் பொறுக்கித் துடைத்தான். இப்போது அவன் குரலில் விளையாட்டு இல்லை.

"அண்ணாச்சி, வெள்ளிக்கிழமை எனக்குப் பரிசம் போடுதாங்க. தாய்க்கிண்ணத்தைத் திருடினவன்னு பேர் ஆச்சுன்னா எந்தக் கூடத்துலயும் நிக்க முடியாது. பொண்ணும் இல்ல. தெரிஞ்சுதான் சொல்லுதீங்களா?"

"தெரிஞ்சுதான் சொல்லுதேன். என் கண்ணால பாத்தேன்."

"திருடுதவன் வெயில்ல நின்னு தொடைச்சுக்கிட்டா இருப்பான்?"

"அது திமிரு."

அவனை வாசலுக்கு வெளியே நிறுத்தினார்கள். பெண் வீட்டாருக்குச் சொல்லிவிடுவது நல்லது என்றார் வீரபாகு. நாளைக்கு நம்மையல்லவா கேட்பார்கள். மூக்காண்டி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பினான். பிரிந்த மூட்டையையும் அள்ளி வாசலுக்கு வெளியே பனைமரத்தடியில் போட்டார்கள். சொரிமுத்து அதன் பக்கத்தில் உட்கார்ந்தான். ஒன்றையும் எடுத்து வைக்கவில்லை.

"ஆசானம்மா வந்து போன்னு சொல்லட்டும்" என்றான். "அதுவரைக்கும் இது இப்படியே கெடக்கட்டும்."

வெயில் சாய்கிற நேரத்தில் ஆசானம்மா வந்தாள். கூடவே மூக்காண்டி, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு. வழியிலேயே அவனைப் பிடித்துத் திருப்பிக்கொண்டு வந்திருந்தாள்.

பனைமரத்தடியில் ஒரு கணம் நின்றாள். மூட்டையைப் பார்த்தாள். சொரிமுத்துவைப் பார்த்தாள். உள்ளே வந்தாள்.

வீரபாகு தாளை நீட்டினார்.

அவள் நிதானமாகப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

"யாரு வரைஞ்சது?"

"நான்தான்."

"எங்க வச்சு?"

இந்தக் கேள்வி வரும் என்று அவர் நினைக்கவில்லை. "என் அறையில."

"உங்க அறையில ஏது வில்லை?"

"நானே அரைச்சேன்."

"எங்கிட்டச் சொல்லாமலா?"

வீரபாகு தொண்டையைச் செருமினார். "களவைக் கண்டுபிடிச்சது அதுதானே."

அவள் அவர் அறைக்குள் போய் வில்லையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தாள். ஓரத்தை விரலால் சுற்றித் தடவினாள். "அருமையா அரைச்சிருக்கீங்க. ஒரு புரை இல்ல."

புகழ்கிறாளா, குத்துகிறாளா? வீரபாகுவுக்குப் புரியவில்லை. அவள் அதைப் பழையபடி பொருத்தினாள்.

"கிண்ணத்தை எடுத்தது யாரு?"

"அதான் படத்துல இருக்கே. நொட்டாங்கை."

"சரி. இந்த வேப்பமரத்தை?"

"என்ன?"

அவள் தாளை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள். "உங்க படத்துல வேம்பு மாடத்துக்கு வலப்பக்கம் நிக்கி. எட்டிப் பாருங்க. எந்தப் பக்கம் நிக்கி?"

எட்டிப் பார்த்தார். மரம் என்றைக்கும்போல மாடத்துக்கு இடப்பக்கம் நின்றது.

"சொரிமுத்து கிண்ணத்தைத் திருடினான். போற போக்குல வேப்பமரத்தையும் பிடுங்கி அந்தப் பக்கம் நட்டு, நாம பாக்கிறதுக்குள்ள திருப்பி நட்டுட்டானா?"

வாசலுக்கு வெளியே யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சொரிமுத்துதான்.

வீரபாகுவின் மனசுக்குள் ஒரு மூலையில் தெப்பக்குளம் ஒன்று இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போய்க் கிடந்தது.

"இன்னொரு தாள் ஒட்டுங்க அண்ணாச்சி. வெளிச்சம் போறதுக்குள்ள."

"எதுக்கு?"

"உக்காந்து வரைங்க. மத்தியானம் வரைஞ்ச மாதிரியே."

கதவு சாத்திக்கொண்டது. இருட்டில் அவர் தனியாக நின்றார். தன்னை உள்ளே அடைத்துவிட்டு வெளியே ஏதோ பேசி முடிக்கப் பார்க்கிறாளோ என்று நினைத்தார். கதவைத் தள்ளிப் பார்த்தார். திறந்துதான் இருந்தது. மறுபடி சாத்திக்கொண்டார்.

சுவரில் முற்றம் தொங்கியது, சாய்வெயிலின் மஞ்சளில்.

ஒரு துப்பட்டி வந்தது. மாடத்தின் முன்னால் நின்றது. முதுகு இந்தப் பக்கம். ஒரு கை வெளியே வந்து, காலி மாடத்துக்குள் நீண்டு, இல்லாத கிண்ணத்தை எடுத்தது. வெயிலில் தூக்கிப் பிடித்தது. துப்பட்டி முனையால் வெறுங்காற்றைத் துடைத்தது. மறுபடி தூக்கிப் பார்த்தது. அப்படியே நின்றது.

வீரபாகு வரைந்தார்.

தாளைப் பிய்த்து, தலைமாடு கால்மாடு மாற்றி, மத்தியானத் தாளின் பக்கத்தில் பிடித்தார்.

அதே நொட்டாங்கை. அதே வேப்பமரம், வலப்பக்கம். தோள் சாய்ந்த சாய்வு அதே சாய்வு. பின்கழுத்தில் துப்பட்டி மடிந்த மடிப்பு அதே மடிப்பு.

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார். மாடத்தின் முன்னால் துப்பட்டி திரும்பியது. ஆசானம்மா. நீட்டின வலக்கையை அவள் இன்னும் இறக்கவில்லை.

"நீங்க காலையிலேயே போயிட்டீங்களே" என்றார் அவர்.

"கிண்ணத்தை எடுக்க மறந்துட்டேன். பாதி வழியில ஞாபகம் வந்து திரும்பினேன்."

"கிண்ணம் எங்க?"

"கன்னார்கிட்ட. நடுவுல தேஞ்சு வளைவு மாறியிருக்கு. தட்டிச் சரிபண்ண நாலு நாளாகும்." துப்பட்டியை மடித்துக் கொடியில் போட்டாள். "மத்தியானத்துல இருந்து இங்க சொரிமுத்து போக ஆறு பேர் இருந்தீங்க. எடுத்தது யாருன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுருக்கு. எங்கன்னு இப்பத்தான் ஒருத்தர் கேக்கீங்க."

மூக்காண்டி தரையைப் பார்த்தான். வீரபாகு பார்க்கவில்லை. அவருக்குள் முப்பது வருஷச் சாவடிக்காரன் இன்னும் எழுந்து நின்றுகொண்டிருந்தான்.

"நீங்க சொல்லிக் குடுத்திருக்கணும்" என்றார். குரல் உயர்ந்தது. "தலைகீழாத் தெரியும்னு சொன்னீங்க. திருப்பினா கை மாறும்னு சொல்லல. மூணு வருஷமா மறைச்சீங்க."

ஆசானம்மா அவரைக் கூடத்துச் சுவருக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஒரு தாளை எடுத்தாள். மைப்பக்கத்தை அவர் பக்கம் பிடித்து, தலைகீழாகக் காட்டினாள்.

"இப்படித்தான் பலகையில விழும். நீங்க இதை இப்படிச் சுத்துனீங்க." தாளைச் சக்கரம்போல் சுற்றி நேராக்கினாள். குளம் கோபுரத்துக்கு வலப்பக்கம் போனது. திரும்பவும் தலைகீழாக்கினாள். "நாங்க இப்படிக் கவுப்போம்." மேல்விளிம்பைப் பிடித்து, ஏட்டைப் புரட்டுவதுபோல் மேலதைக் கீழே புரட்டினாள். தாளின் முதுகு அவரைப் பார்த்தது. ஊடே கோபுரம் நேராக நின்றது. குளம் இடப்பக்கம், இருக்க வேண்டிய இடத்தில். மைப்பக்கம் சுவரைப் பார்த்தது.

அதை அப்படியே ஆணியில் மாட்டினாள்.

"இருநூறு தாள் தொங்குது. எங்க மறைச்சேன்?"

வீரபாகு ஆணிகளில் தொங்கிய தாள்களைத் திரும்பிப் பார்த்தார்.

"மை ஏன் சுவரைப் பாக்குன்னு மூக்காண்டி வந்த மாசம் கேட்டான். சொரிமுத்து மூணாம் நாளே கேட்டான், அதுவும் சோறு தின்னுக்கிட்டே. நீங்க?"

"நான்..." என்றார். "எல்லாரும் ஆத்துக்குப் போயிருந்தப்ப எடுத்துப் பாத்தேன்."

"என்ன தெரிஞ்சுது?"

"குளம் இடம் மாறிக் கெடந்தது."

"என்ன நினைச்சீங்க?"

"களவாடிப் பாக்கிறவனை ஏமாத்த நீங்க வரைஞ்சதுன்னு நினைச்சேன்."

ஆசானம்மா சிரிக்கவில்லை. ஜன்னல் வழியே பனைமரம் தெரிந்தது. அதன் அடியில் சொரிமுத்து மெட்டி முடிப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உள்ளே வா என்று யாரோ கூப்பிட்டார்கள். அவன் வரவில்லை.

"நான் போயிருதேன் ஆசானம்மா" என்றார் வீரபாகு. "இங்க இருக்க எனக்கு முகம் இல்ல."

"எங்க போவீங்க? வாசல்ல ஒரு மூட்டை பிரிஞ்சு கெடக்கு. அதைத் தாண்டித்தான போகணும்?"

அவர் வாசலுக்குப் போனார்.

மூட்டைத்துணி மண்ணில் விரிந்து கிடந்தது. குந்தி உட்கார்ந்தார். முழங்கால் சத்தம் போட்டது. வேட்டியை எடுத்து உதறினார், மடித்தார். அடுத்ததை மடித்தார். சீப்பை ஊதினார். பொரிவிளங்காய்ப் பொட்டலத்தில் எறும்பு ஏறியிருந்தது, ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டார். கையை நீட்டினார். சொரிமுத்து கொஞ்சம் யோசித்துவிட்டு மெட்டி முடிப்பை அந்தக் கையில் வைத்தான். அதைப் பிரித்துப் பார்க்காமல் வேட்டிக்கு நடுவே வைத்தார்.

துணியின் நாலு முனையையும் கூட்டிப் பிடித்தார். முடிச்சுப் போட்டார். தூக்கினார். அவிழ்ந்து எல்லாம் மண்ணில் விழுந்தது.

மறுபடி மடித்தார். மறுபடி போட்டார். மறுபடி விழுந்தது.

எத்தனை ஆயிரம் முடிச்சை அவிழ்த்த விரல்கள் அவை. அந்த நாலு முனையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவற்றுக்குத் தெரியவில்லை.

சொரிமுத்து பார்த்துக்கொண்டே இருந்தான். கையை நீட்டவும் இல்லை, வாயைத் திறக்கவும் இல்லை.

வீரபாகு கழுத்தைத் திருப்பினார். ஆசானம்மா வாசற்படியில் நின்றிருந்தாள்.

"ஆசானம்மா" என்றார். "இதை எப்படிக் கட்டணும்?"

"அது அவன் மூட்டை அண்ணாச்சி" என்றாள் அவள். "அவன்கிட்டக் கேளுங்க."